நிறுத்தாத இன்ஜின்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில் ஒன்றில் அப்பா இன்ஜின் ஓட்டினார். எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. பெரிய முதலாளி அதில் தலையிட்டதேயில்லை. அப்பாவும் தன்னைப் பாதி முதலாளியாகவே நினைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு எட்டுப் போய் இன்ஜினைத் துடைத்துவிட்டு வருவார். "அதையே கட்டிக்கினு இருந்திருக்கலாம்" என்பாள் அம்மா. அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்ததும் அவர் மகன் மில்லுக்கு வந்தார். ஒருநாள், சரக்கு ஏற்ற லாரி காத்திருந்த நேரத்தில், பெல்ட்டின் சத்தம் சரியில்லை என்று அப்பா இன்ஜினை நிறுத்தினார். கூலிப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் சின்ன முதலாளி கத்தினார்.

"யாரைக் கேட்டுக்கினு நிறுத்தினே? உங்கப்பன் வூட்டு மில்லா இது? இனிமே என்னைக் கேக்காம கை வச்சே, அப்படியே வூட்டுக்குப் போயிடு."

அவருக்கு அப்பாவின் வயதில் பாதிதான் இருக்கும். அன்று அப்பா சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவதும் நின்றது. "சங்கு ஊதினா போறேன், ஊதினா வர்றேன். வேற என்னா?" என்றார். அம்மாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

அதே மில்லில்தான் சித்தியும் பருப்பு பொறுக்கினாள். அந்த மாசியில் அவள் முந்தானை பெல்ட்டில் சிக்கி அவளை இழுத்தது. இன்ஜினை நிறுத்தும் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அப்பா அதைத் தொடவில்லை. "மொதலாளி, நிறுத்தட்டுங்களா?" என்று கூவிக்கொண்டே களத்தைத் தாண்டி ஆபீஸ் அறைக்கு ஓடினார். அவர் திரும்புவதற்குள் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். ஆனால் சித்தியின் வலது கை போய்விட்டது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நானும் இருந்தேன். கண் விழித்ததும் சித்தி அப்பாவைத்தான் பார்த்தாள்.

"பக்கத்துலதானே மாமா நின்னுக்கினு இருந்தீங்க?"

"கேக்கத்தாம்மா ஓடினேன்."

சித்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அவள் அப்பாவிடம் பேசவேயில்லை.

மில்லில் யாரும் அப்பாவைப் போகச் சொல்லவில்லை. சொன்னபடி நடக்கிற ஆள் என்று சின்ன முதலாளிக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

வீட்டிலும் அப்பா எல்லாவற்றுக்கும் உத்தரவு கேட்க ஆரம்பித்தார். கதவைச் சாத்தட்டுமா, பாயை விரிக்கட்டுமா என்று அம்மாவைக் கேட்பார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு மத்தியானம், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டார்: "தண்ணி குடிக்கட்டுமாம்மா?"

எனக்கு எட்டு வயது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். "கூடாது" என்று அதட்டிவிட்டு, அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன்.

அப்பா தலையாட்டிவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் தெருவுக்கு ஓடினேன்.