பச்சைத் தோல் ஆரஞ்சு

சன்னல் வெளிச்சத்தை நோக்கி ஒரு சின்னக் குழலைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் ஆபீசர் அம்மா. குழலின் நுனிக் கண்ணாடியில் என் ஆரஞ்சுப் பழத்தின் சாறு ஒரு சொட்டு. வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நான் நின்றிருந்தேன். தெருவில் என் சரக்கோடு லாரி நின்றது. அந்தச் சொட்டு என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நான் திருவனந்தபுரத்தில் இருப்பதா, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கே திரும்புவதா என்பது முடிவாகும்.

எழுபதுகளின் நடுவில் அது. மாமாவின் பழக்கடையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமான கையோடு, திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்று பெயர் கொண்ட கடைவீதியில் தனியாகக் கடை போட்டிருந்தேன். பொன்முடி போகும் வழியில் ஒரு தோட்டத்தில், தேயிலையின் ஓரமாக நின்ற ஆரஞ்சு மரங்களின் காய்ப்பை மொத்தமாகக் குத்தகைக்குப் பிடித்தேன். என் மனைவியின் வளையல்கள் அந்தக் குத்தகைப் பணத்துக்கே போய்விட்டன. பழம் நன்றாகவே இருந்தது. உரித்தால் வாசனை கையை விட்டுப் போகாது. ஆனால் தோல் மட்டும் பச்சை. காம்புப் பக்கம் ஏதோ கொஞ்சம் மஞ்சள் தொட்ட மாதிரி இருக்கும்.

பழுக்காத ஆரஞ்சை விற்கக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டிருந்த காலம். உத்தரவில் தவறில்லை. விலை ஏறும் நேரம் பார்த்துப் பிஞ்சுக் காயைப் பறித்து, கார்பைடு கல் வைத்து மஞ்சளாக்கி விற்பவர்கள் இருந்தார்கள். வாங்கிப்போய் உரித்தால் பல் கூசும். ஆனால் சோதிக்க வருகிறவர்கள் தோலின் நிறத்தைத்தான் பார்த்தார்கள். அப்படித்தான் என் லாரியை ஓர் இளம் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். எல்லாம் காய், குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான் என்றார்.

பக்கத்துக் கடைக்காரர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "அண்ணாச்சி, எதுக்கு வெசனப்படுதிய? சாருகிட்ட ஒரு நாள் டயம் கேளுங்க. கல்லு வச்சு மூடுனா நாளைக்கு எல்லாம் மஞ்சளாயிரும். பின்னே ஆரு கேக்கப் போறா?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பழுத்த பழத்துக்குப் பொய்ச் சாயம் ஏற்றுவானேன் என்று எனக்கு ஒரு வீம்பு. மேலதிகாரியைப் பார்க்கிறேன் என்று லாரியை ஆபீசுக்கே விடச் சொன்னேன்.

ஆபீசர் அம்மா கரமனை அக்ரகாரத்துக்காரர். கடைவீதியில் அவர் பெயரைச் சொன்னாலே தராசுகள் நேராகும். யார் கடையிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். என் கதையை அவர் கேட்கவே இல்லை. லாரியின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் தானே கைவிட்டுப் பழங்களைப் பொறுக்கினார். சாறு பிழிந்தார், குழலில் இனிப்பைப் பார்த்தார், இன்னொரு பங்கில் ஏதோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் புளிப்பை அளந்தார். சாறு இளஞ்சிவப்பானதும் நிறுத்திவிட்டு, இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"பழம் பழுத்தாச்சு. தோல்தான் பழுக்கலை," என்றார். "ராத்திரி நல்ல குளிர் விழுந்தாத்தான் தோல் மஞ்சளாகும். நம்ம மலையில அந்தக் குளிர் எங்கே இருக்கு? சர்க்கார் கேக்கறது முதிர்ச்சியையாக்கும், நிறத்தையில்லை. வண்டியை விடுங்கோ."

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். நான் கும்பிட்டேன். "எனக்கெதுக்குக் கும்பிடு? புளிச்சிருந்தா நானே குழி தோண்டச் சொல்லியிருப்பேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சர்க்கார் விட்டது, ஜனங்கள் விடவில்லை. வருகிறவர்கள் எல்லாம், "ஐயே, பச்ச நாரங்கா! இது வேண்டா," என்று நகர்ந்தார்கள். கூடைகளில் அடிப்பழம் நசுங்கத் தொடங்கியது. கல் வைக்கச் சொன்ன நண்பர் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைவீதி நெரிசலில் ஆபீசர் அம்மா கையில் துணிப்பையோடு வந்தார். சோதனைக்கு என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் என் கடைமுன் நின்று, விலை கேட்டு, காசை எண்ணி வைத்துவிட்டுப் பழம் வாங்கினார். பிறகு, தெருவில் நின்று எதையும் வாயில் வைத்து அறியாத அந்த அம்மா, ஒரு பழத்தை உரித்து, சுளை சுளையாக, அவசரமில்லாமல் தின்றார். வேடிக்கை பார்த்த ஒரு பெண்மணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மதுரம் உண்டோ சாரே?" அங்கே அதிகாரி பெண்ணானாலும் ‘சார்’தான்.

"உரிச்சு நோக்கு," என்று ஒரு பழத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதற்கும் காசு வைத்தார்.

அன்று மாலைக்குள் பாதிச் சரக்கு போய்விட்டது. வீட்டுக்குப் போய், அவர் சுளை சுளையாகத் தின்றதை மனைவிக்கு நடித்தே காட்டினேன்.

என்மேல் அவருக்குத் தனி அன்பு என்று நான் எண்ணிவிடக்கூடாது என்பதுபோல், சில வருடம் கழித்து என் சரக்கு ஒன்றை நிராகரித்தார். வெளியூரிலிருந்து வாங்கியது, பார்வைக்குப் பொன்னாக இருந்தது, சாறு புளித்தது. எனக்கு நல்ல நட்டம். கோபமும் வந்தது. ஆனால் யோசித்தபோது, முதல் தீர்ப்பின் மதிப்பு இரண்டாவதில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. முகம் பார்த்து விட்டிருந்தால் அது தயவு. அவர் எனக்குத் தந்தது தயவைவிடப் பெரியது. அதன்மேல்தான் என் கடை இத்தனை காலம் நின்றது.

இன்று கடையை மகன் பார்க்கிறான். பழங்கள் மெழுகு பூசி, ஸ்டிக்கர் ஒட்டி, எங்கெங்கிருந்தோ வருகின்றன. யாரும் உரித்துப் பார்ப்பதில்லை.

எண்பதுகளில் அவர் ஓய்வு பெற்ற மறுவாரம், மலை ஆரஞ்சு ஒரு கூடை எடுத்துக்கொண்டு கரமனைக்குப் போனேன். திருப்பி அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போ நான் ஆபீசர் இல்லையே, வாங்கிக்கலாம்," என்று சிரித்தார். உட்காரச் சொல்லி, ஒரு பழத்தை உரித்து, பாதியை என் கையில் தந்தார். நாங்கள் இருவரும் தின்றோம்.

"இன்னும் ஒரு வாரம் மரத்துல விட்டிருக்கலாம், கேட்டேளா," என்றார். சொல்லிவிட்டு, கடைசிச் சுளைவரை தின்றார்.