மாரக்கா கேட்ட கேள்வி

ஓசூர் மார்க்கெட்டில் வளையல் கடை வைத்திருந்த மாரக்கா போய்விட்டார். நான் பக்கத்துக் கடையில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தபோது அவர் மகன் போன் செய்தான். "ஸ்டெல்லாக்கா, அம்மா போயிட்டாங்க" என்றான். அதன்பின் யாருக்குப் பூ கொடுத்தேன் என்றே நினைவில்லை.

பாகலூர்க்காரர்களிடம் தெலுங்கு, அத்திப்பள்ளியிலிருந்து வருபவர்களிடம் கன்னடம், கம்பெனிப் பெண்களிடம் தமிழ் என்று மாறி மாறிப் பேசுவார். அது மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் அவர் தமிழைத் தவிர எதுவும் தெரியாதவர்போல் நடித்திருக்கிறார். "தெரியாத மாதிரி இருந்துக்கினாத்தான், எவ்ளோ வரைக்கும் குடுக்கலாம்னு அவங்க பேசிக்கிறது காதுல வுழும்" என்றார் என்னிடம்.

அந்த நடிப்பை அவர் விட்ட கதையை ஒரு மழை நாளில் சொன்னார். ஓர் ஆணும் பெண்ணும் ஒரு சின்னப் பெண்ணைக் கல்யாண வளையல் போடக் கூட்டிவந்தார்கள். வழக்கம்போல், "கன்னடம் வராதுங்க" என்றிருக்கிறார் மாரக்கா. வளையல் ஏற்ற அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அமுக்கியபோது, அவள் இவரைப் பார்த்துக் கன்னடத்தில் மெல்லச் சொன்னாளாம்: "நன்ன மனெகெ கள்ஸி." என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கூட வந்தவள், "கடைக்காரிக்கு உன் பாஷை தெரியாது, சும்மா இரு" என்று கன்னடத்திலேயே அதட்டினாள்.

"வராதுன்னு சொல்லிட்டனே, வாயே தொறக்கல ஸ்டெல்லா. கை மட்டும் சில்லுனு ஆயிட்ச்சு. அவ கையா, எங்கையான்னு இன்னிக்கும் தெரியல."

அவர்கள் போனபிறகுதான் கடையைப் போட்டது போட்டபடி விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறார். போலீஸிலும் சொன்னார். அந்தப் பெண் கிடைக்கவில்லை.

அதிலிருந்து, முகத்தைப் பார்த்ததுமே அவரவர் பாஷையில் பேசத் தொடங்கிவிடுவார். சின்னப் பெண்ணாக இருந்தால், விலை சொல்வதற்கு முன், "யார் ஜொதெ பந்தெ தாயி?" என்று கேட்பார். யாரோடு வந்தாய் அம்மா? சிலர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, வளையல் ஏற்றுவதுபோல் அமுக்கினார். "நனகெ கன்னட பருத்தெ, ஹேளம்மா" என்றார். எனக்குக் கன்னடம் வரும், சொல்லம்மா. என்னைத்தான் பார்த்தார். ஆனால் அவர் கண்ணில் நான் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு அந்தக் கேள்வி மிஞ்சியிருக்கிறது. நேற்று பூ வாங்க வந்த ஒரு பெண்ணிடம் என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டுப்பார்த்தேன். "எங்கம்மாகூட வந்தேங்க்கா" என்று தமிழில் சொல்லிச் சிரித்தாள். அந்த அம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எதிரே நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். அது கிளம்பும்வரை இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.