அத்தானின் குழாய்ப் புத்தகம்

எங்கள் அக்காவின் கணவரை வீட்டில் எல்லோரும் அத்தான் என்றே அழைத்தோம். முப்பத்தொரு ஆண்டுகள் நீரேற்று நிலையத்தில் பொறியாளராக இருந்தவர். வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் வெடிக்கும் அளவுக்கு நீர் ஏன் அதிர்கிறது என்பதைக் கணக்கோடு விளக்கும் நூலொன்றை எழுதி, நான்கு நோட்டுகளில் வைத்திருந்தார். கண் நரம்பு தேய்ந்துகொண்டிருந்தது. படிக்கும் பார்வை இன்னும் ஓராண்டு தாங்கலாம் என்றார் மருத்துவர். அதற்குள் நூலை அச்சுக்குத் தயாராக்கி, ஒவ்வொரு சமன்பாட்டையும் தாமே சரிபார்க்க வேண்டும் என்பது ஒன்றே அவர் கவலை. பிறர் சரிபார்த்த கணக்கில் தம் பெயரைப் போட அவர் சம்மதிக்க மாட்டார்.

அக்கா கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சர். அந்த அலுவலகம் கழித்த பழைய கணினிதான் வீட்டில் இருந்தது. அவளுக்குப் பழகிய மென்பொருளில் சமன்பாட்டுக்கென ஒரு பெட்டியைத் திறந்து, குறிகளைச் சுட்டியால் பொறுக்கி வைக்க வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் கணினி உறைந்து, பாதி அத்தியாயம் காணாமல் போயிற்று. இணையத்தில் இயங்கும் ஒன்றை முயன்றோம். இந்தக் கணினியில் அது திறக்கவே மறுத்தது.

மூன்றாவதாக நான் கொண்டுபோனது வெறும் எழுத்துக் கோப்பில் வேலை செய்வது. பின்னத்துக்கு ஒரு சொல், வர்க்கமூலத்துக்கு ஒரு சொல் என்று எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டு, கடைசியில் ஒரு கட்டளை கொடுத்தால் அச்சுப் பக்கம் வரும். பழைய கணினிக்கு அது சுமையே இல்லை.

“என்ன தம்பி இது, கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு” என்றாள் அக்கா.

“நான் அங்கதான் குடியிருக்கேன். நீயும் வந்துடு” என்றார் அத்தான்.

ஒரு நாள் தடித்த எழுத்துக்கான அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டாள்; அத்தியாயம் முழுதும் தடித்த எழுத்திலேயே வந்தது. “ஏங்க, இந்த அத்தியாயம் முழுக்கச் சத்தம் போட்டே பேசுறீங்க” என்று சிரித்தாள்.

எட்டாம் மாதம் தட்டச்சு முடிந்தது. ஆனால் பார்வை அதற்குள் போய்விட்டது. உருப்பெருக்கியை வைத்தும் அச்சுத்தாள் அவருக்கு வெறும் சாம்பல் நிறமாகவே தெரிந்தது. “நோட்டையெல்லாம் உள்ள வச்சிடு” என்றார்.

அக்கா வைக்கவில்லை. மறுநாள் காலை கோப்பைத் திறந்து, தான் தட்டச்சு செய்த சொற்களை அப்படியே உரக்கப் படித்தாள். பின்னம், மேலே இது, கீழே இது, அடைப்பு மூடு. பெட்டியில் பொறுக்கி வைத்த குறிகளாக இருந்திருந்தால் அவளால் படித்திருக்க முடியாது. அவளுக்குக் கணக்கு தெரியாது. அத்தான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் அத்தியாயத்தில், அதிர்வின் வேகத்துக்கான பின்னத்தின் கீழ்ப்பகுதிக்குள், “பின்னம், மேலே தடிமன், கீழே விட்டம்” என்று படித்தாள்.

“நில்லு. குழாய் கனமானா அதிர்வு வேகமாப் போகணும். நீ படிக்கிறபடி பார்த்தா வேகம் குறையுதே.”

“நோட்டுல இப்படித்தான் இருக்கு.”

“அப்போ நோட்டுதான் தப்பு. இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன். மாத்திட்டு அடுத்ததைப் படி.”

அப்படியே ஐந்து மாதம் போயிற்று. கடைசிச் சமன்பாடு முடிந்ததும், முதல் பக்கத்தில் பெயரைப் போடலாமா என்று அக்கா கேட்டாள்.

“போடு” என்றார். “போட்டுட்டு அதையும் படிச்சுக் காட்டு.”