மூன்று ஆக்த் கொண்ட பியேஸ்

எனக்கு ஆடத் தெரியாது. இதைப் பெரிய டீச்சரிடம் முதலில் மரியாதையாகச் சொன்னேன், அப்புறம் கெஞ்சிச் சொன்னேன், கடைசியில் கத்தியே சொன்னேன். நான் ஒப்புக்கொண்டுவிட்டதாகத்தான் அவர் காதில் விழுந்தது.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அடுத்த வருஷம் அது. நெல்லித்தோப்பில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக டீச்சர். அதுவரை ஆண்டு விழா என்றால் பிள்ளைகள் வரிசையாக நின்று ரெண்டு பிரெஞ்சுப் பாட்டுப் பாடிவிட்டு இறங்கிவிடும். இனிமேல் தமிழ் நாடகம் போட வேண்டும், அதில் நாட்டியமும் இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. டீச்சர்களில் வயசு குறைந்தவள் நான். ஆகவே ஆடத் தெரிந்தவளும் நானே!

"உனக்குக் கை கால் இருக்குதில்ல? புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்லிக் குடு. என்னா பெரிய கம்பசூத்திரமா?" என்றார் பெரிய டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, "விழாவுக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. உன் வேலையை நிரந்தரம் பண்ற பேப்பர் அவர் கையிலதான் இருக்குது. பார்த்துக்க" என்றார்.

எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் மில்லுக்குப் போகிறவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். வேலை நிலைக்காவிட்டால் நூல் பிரிவில் எனக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருப்பதாக அக்கா சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் பஞ்சுத் தூசியில் கெட்டுப்போன அவள் இருமலைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். அங்கே போகக் கூடாது என்ற பயம் எனக்குள் எப்போதும் இருந்தது.

வாசகசாலைக்குப் போனேன். நூலகர் சாந்தமான மனிதர். எதைக் கேட்டாலும் "இருக்குது" என்பார். நாட்டியப் புத்தகம் இருக்குதா? இருக்குது. நாடகம்? அதுவும் இருக்குது. அந்த "இருக்குது"வை நம்பி நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாட்டியப் புத்தகம் உண்மையிலேயே இருந்தது. தலையணை கனத்துக்கு, சென்னையில் அச்சானது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். 'பதினான்காம் படத்தில் காட்டியபடி வலது பாதத்தை வைத்து, பதினைந்தாம் படத்தில் காட்டியபடி உடலைத் திருப்புக' என்று இருந்தது. பதினான்காம் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் மாதிரி ஓட்டை. பதினைந்துக்கும் ஓட்டைதான். யாரோ ஒரு புண்ணியவான் பிளேடு வைத்து ஒரு படம் விடாமல் வெட்டி எடுத்திருந்தான். எடுத்தவன் கால் ரெண்டும் சுளுக்கிக்கொள்ளட்டும் என்று வாய்விட்டுத் திட்டினேன். படமே இல்லாமல், எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி நின்று பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னாடி, உரலைத் தூக்கப் போறியா?" என்றாள்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, ஓட்டைகளை நூலகரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "எழுத்து எல்லாம் இருக்குதே" என்றார்.

அலமாரியில் இருந்த தமிழ் நாடகங்கள் இன்னொரு தலைவலி. எல்லாவற்றிலும் கொலை, கள்ளு, இரண்டாம் தாரம். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இரண்டாம் தாரத்து வேஷம் கட்டி இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த முடியுமா? கடைசியில், "பழைய பதிவேட்டைக் குடுங்க, நானே பார்த்துக்கிறேன்" என்றேன். அது முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. நூலகருக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தட்டுத் தடுமாறிப் படித்துவிடுவேன்.

மூன்றாம் நாள் அந்த வரி கண்ணில் பட்டது. ஒரு தமிழ் நாடகம். இந்த ஊரிலேயே எழுதி அச்சடித்தது. பெண் பிள்ளைகள் நடிப்பதற்கானது, ஒரு தாய் வேஷமும் ஆறு பெண் வேஷமும். 'மூன்று ஆக்த் கொண்ட பியேஸ், நடனங்களுடன், பாதம் வைக்கும் முறைக்குச் சித்திரங்களுடன்' என்று குறிப்பு. அதாவது மூன்று அங்கம் கொண்ட நாடகம். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தால் அந்த இடம் காலி!

"அது ரிக்கார்டு ரூமுக்குப் போயிடுச்சும்மா" என்றார் நூலகர். "ஆபீஸ் ஆபீஸாக் கிடந்த பத்திரமெல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்னு உத்தரவு. இங்க கிடந்ததையும் பிரிச்சு அனுப்புறதுக்கு ஒரு குமாஸ்தா வந்தாரு. பிரெஞ்சுல புலி."

"நாடகத்தை எதுக்குங்க அனுப்பினாரு?"

"விவரமானவரு. தப்பு பண்ண மாட்டாரு."

வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் ஊரில் பியேஸ் என்றால் யாரும் நாடகத்தை நினைப்பதில்லை. எந்த ஆபீசுக்குப் போனாலும் "பியேஸ் கொண்டாந்தியா?" என்றுதான் முதல் கேள்வி. அத்தாட்சிக் காகிதம் என்று அர்த்தம். ஆக்த் என்றால் பத்திரம். பிறந்தால் ஒரு ஆக்த், கல்யாணம் பண்ணினால் ஒரு ஆக்த், மனை வாங்கினால் ஒரு ஆக்த். பிரெஞ்சுக்காரனுக்கு நாடகமும் பியேஸ்தான், அதன் அங்கமும் ஆக்த்தான். ஆனால் பத்திரம் எழுதுகிறவரிடம் முப்பது வருஷம் வேலை பார்த்த அந்தக் குமாஸ்தா 'மூன்று ஆக்த் கொண்ட பியேஸ்' என்று பார்த்ததும், மூன்று பத்திரம் அடங்கிய சொத்து ஆவணம் என்று முடிவு கட்டி, சிவப்பு நாடாவால் கட்டி அனுப்பிவிட்டார். 'நடனங்களுடன்' என்று போட்டிருந்ததே, அதை என்ன தோப்பு துரவு என்று நினைத்தாரோ தெரியாது.

ரிக்கார்டு ரூமில் அதே குமாஸ்தாதான் உட்கார்ந்திருந்தார். கோடையிலும் கறுப்புக் கோட்டு. எதிரில் ஒரு நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.

"சம்பந்தப்பட்டவங்களுக்குத்தான் பியேஸைக் காட்டுவோம், மதமுவாசேல்."

"அது நாடகம், முசே. பிள்ளைங்க நடிக்கிறது."

"இருக்கட்டுமே. ஆக்த் மூணு இருக்குதே."

"அங்கம் முசே! அந்த ஆக்த் நாடகத்துல வர்ற அங்கம்!"

"எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

நான்கு நாள் தொடர்ந்து மத்தியான இடைவேளையில் போனேன். கட்டைப் பிரித்து முதல் பக்கத்தைப் பாருங்கள், போதும் என்றேன். சம்பந்தம் இல்லாதவர்களுக்காகக் கட்டைப் பிரிக்க விதி இல்லையாம். விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பெரிய டீச்சர் தினமும் "ஆட்டம் எந்த மட்டுல இருக்குது?" என்று கேட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் என்னைப் பார்த்ததுமே குமாஸ்தாவுக்கும் அலுத்துவிட்டது. "ஒரே பேச்சாச் சொல்லிடும்மா. உனக்கு அதுல பாகம் இருக்குதா, இல்லையா?"

அவர் கேட்டது சொத்தில் பங்கு. நாடகத்திலும் வேஷத்தைப் பாகம் என்றுதானே சொல்கிறோம்? உயரமான பிள்ளை கிடைக்காததால் தாய் வேஷத்தை நானே கட்டுவதாக ஏற்கெனவே முடிவு.

"இருக்குது, முசே" என்றேன்.

"வேற பாகக்காரங்க?"

"ஆறு பேரு. எல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க. பெரியவளுக்கே பதினொண்ணுதான்."

"அடப்பாவமே! ஆறும் மைனரா?" அவர் முகமே மாறிவிட்டது. "அப்போ நீதான் அதுங்களைப் பார்த்துக்கிறியா?"

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான்தான் பார்த்துக்கிறேன்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. "இதை முதல் நாளே சொல்லக்கூடாதா?" என்று என்னையே கடிந்துகொண்டு, ஒரு படிவத்தில் என்னையும் ஆறு பிள்ளைகளையும் பாகஸ்தர்கள் என்று எழுதி முத்திரை குத்தினார். கட்டு வந்தது. நாற்காலியையும் துடைத்துப் போட்டார்.

வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் தினமும் சோற்றைப் பாதியில் விட்டு ஓடிப்போய் நோட்டில் எழுதினேன். அருமையான நாடகம். வசனம் பிள்ளைகள் வாய்க்கு ஏற்ற மாதிரி சின்னச் சின்னதாக இருந்தது. இடது பாதத்துக்கு வெள்ளையும் வலது பாதத்துக்குக் கறுப்புமாகச் சித்திரம் போட்டிருந்தார்கள். என்னைப் போல ஆடத் தெரியாதவளை நினைத்துத்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு, அலமாரிகளுக்கு நடுவில் அந்தப் பாதங்களின்படி காலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமாஸ்தா வந்துவிட்டார்.

"என்னாம்மா பண்றே?"

"எல்லை அளந்து பார்க்கிறேன், முசே." அது மட்டும் பொய்.

"அளந்துக்க, அளந்துக்க. பின்னாடி தகராறு வரக்கூடாது."

விழா நடந்தது. ஒருத்திக்குக் கிரீடம் கழன்று விழுந்தது, அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டு தாளம் தவறாமல் ஆடினாள். மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்த அக்கா, இருமல் வந்துவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அன்றைக்கு நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்போதே ரிக்கார்டு ரூமுக்குப் போய், 'இது நாடகம், வாசகசாலைக்கு அனுப்புங்கள்' என்று மல்லுக்கட்டியிருக்க வேண்டும். போகவில்லை. பாகம் விஷயம் வெளியே வந்தால் வேலைக்கு வினையாகிவிடுமோ என்ற பயம். அப்புறம் பயம் போய்ச் சோம்பல் வந்தது. அப்புறம் மறந்தே போனேன். ஆறு பிள்ளைகளின் கையில் கிடந்த என் நோட்டும் அந்த விழாவோடு நாராகிப் போயிருந்தது.

ஆறு வருஷம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வகுப்பு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம். கோரிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராம்.

"பள்ளிக்கூடத்துல நாடகம் போடச் சொல்றாங்க, டீச்சர். வாசகசாலைப் பதிவேட்டுல ஒண்ணு பார்த்தேன். ரிக்கார்டு ரூமுக்குப் போகச் சொன்னாங்க. அங்க புதுசா ஒரு ஆள் இருக்காரு. அது ஏழு பேரு சொத்து, பாகஸ்தருங்களுக்குத்தான் காட்டுவேன்னு சொல்றாரு. அதுல உங்க பேருதான் முதல்ல இருக்குது."

"நாடகம் எப்படிடி சொத்தாகும்? அந்த ஆளுக்கு அறிவு இருக்குதா?" என்று சீறினேன். அவள் மிரண்டு ஒரு படி கீழே இறங்கினாள். அதற்குள் எனக்கே உறைத்தது. பழைய குமாஸ்தா கட்டை இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதான். அதற்குச் சொந்தக்காரர்கள் பெயரைக் கொடுத்து, வேறு யாரும் தொட முடியாமல் பூட்டிவிட்டு வந்தவள் நான். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

"எனக்குப் பாகம் இருக்குதான்னு கேட்டாரு, டீச்சர். இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"உனக்கு வேலை நிரந்தரமா, தற்காலிகமா?"

"தற்காலிகம்தான்."

பிள்ளைகளை அடுத்த வகுப்பு டீச்சரிடம் ஒப்படைத்தேன். கையில் இருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"எங்க போறோம், டீச்சர்?"

"ரிக்கார்டு ரூமுக்கு. என் பாகத்தை உன் பேருக்கு எழுதி வைக்கிறேன். சீக்கிரம் வா, அந்த ஆள் சாப்பிடப் போயிடுவாரு."