பட்டன் போகிற கால்

அவளுக்குக் கொக்கு என்று பட்டப்பெயர். டயர்க் கடைக்கு மேல்மாடியில், பூதக்கண்ணாடி விளக்கின் அடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு எலக்ட்ரானிக் போர்டு வடிவமைப்பது தொழில். எறும்பு தும்மினால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது என்று டயர்க் கடைக்காரர் சத்தியம் செய்வார். அவர் சத்தியத்தை எல்லாம் நம்பினால் டயரும் முட்டையிடும்.

வீட்டில் மாமனாருக்குக் காது அறவே கேட்காது. தினமும் ஊசி போட நர்ஸ் வருவாள். கொக்கும் புருஷனும் வேலைக்குப் போன பிறகுதான் வருவாள். கிழவரோ உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி நாற்காலியில் அமர்ந்திருப்பார். சாவி கொடுத்தும் பயனில்லை. கதவைத் தட்டோ தட்டென்று தட்டிவிட்டு நர்ஸ் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டாள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கொக்கு ஒரு வைஃபை சிப்பை, அதாவது சில்லை, எடுத்தாள். வாசல் கேட்டில் இருக்கும் பட்டனை அமுக்கினால் சில்லுக்கு பேட்டரி உயிர் கொடுக்கும். மாமனார் நாற்காலிக்கு எதிரே விளக்கு மின்னும். மற்ற நேரம் சில்லு செத்தது போல் கிடக்கும், பேட்டரி தீராது.

சில்லின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் இணைப்புகளுக்கு அந்தப் பட்டறையில் கால் என்று பேர். அங்கே ஒரு சட்டம் உண்டு. போர்டு செய்வதற்கு முன் ஒருவர் ஒவ்வொரு காலாகக் கேட்பார். அந்தக் காலைப் பற்றிக் கம்பெனிக் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வடிவமைத்தவர் சொல்ல வேண்டும். கேட்கிறவர் கூட வேலை செய்யும் மூத்தவர். அவருக்குச் சந்தேகம் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"பட்டன் போற காலு. பக்கம் சொல்லும்மா."

"அட போங்கண்ணே, அது ஊருக்கே தெரிஞ்ச காலு. நெட்ல கலர் படம் இருக்கு. அதுல இது பச்சை. பச்சைன்னா சும்மா கிடக்கிற காலு, எதுக்கு வேணா எடுத்துக்கலாம்."

"படம் போட்டவன் உன் மாமனா? பக்கம் சொல்லு."

"வீட்டுக்குத்தானே செய்றேன், விடுங்க."

அவர் விட்டுவிட்டார். மேசையில் போர்டு பிரமாதமாக வேலை செய்தது. சாயங்காலம் கேட்டில் மாட்டினாள். புருஷன் அமுக்கினான், மறுபடி அமுக்கினான். விளக்கு அசையவே இல்லை.

"எங்கப்பாவுக்குத்தான் காது கேக்காது. நீ செஞ்சதுக்குமா?"

மறுநாள் காலை போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்க் கையேட்டை விரித்தாள். கால்களின் பட்டியலில் அந்தக் காலுக்கு வெறும் பெயர்தான் இருந்தது. விஷயம் எங்கோ தள்ளி, சில்லு விழிப்பதைப் பற்றிய அத்தியாயத்தில் ஒளிந்திருந்தது. விழிக்கிற கணத்தில் சில்லு அந்தக் காலைத்தான் பார்க்குமாம். காலின் மின்னழுத்தம் கீழே இழுபட்டிருந்தால், யாரோ புது நிரல் ஏற்றப் போகிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்குமாம்.

பட்டனை அமுக்கினால்தான் சில்லு விழிக்கும். அமுக்கிய பட்டன் அந்தக் காலைத்தான் இழுக்கும். மேசையில் கரண்ட் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. சில்லு விழித்தே இருந்தது. அதனால் குட்டு வெளிப்படவில்லை.

"அண்ணே, வாங்க. எல்லாக் காலையும் முதல்லேர்ந்து கேளுங்க."

"வீட்டுக்குத்தானே?"

"குத்திக் காட்டாதீங்க. நர்ஸ் வர நேரமாச்சு."

அவர் கேட்டார், அவள் பக்கம் பக்கமாகச் சொன்னாள். விழிக்கும்போது சில்லு சீண்டாத வேறொரு காலைக் கண்டுபிடித்து, போர்டில் பழைய காலுக்குப் போன செம்புத் தடத்தைப் பிளேடால் அறுத்து, தலைமுடி போன்ற கம்பியைப் பற்றவைத்தாள்.

வீடு வந்து போர்டை மாட்டி மூடும்போதே பின்னால் நர்ஸ் பையோடு நின்றாள்.

"இன்னைக்காவது திறப்பாரா?"

"அமுக்குங்க."

நர்ஸ் அமுக்கினாள். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. மாமனார் தலையை மட்டும் நீட்டினார்.

"வந்தா வாயைத் திறந்து கூப்பிட மாட்டியா? விளக்கைப் போட்டு விளையாடுறியே!"

நர்ஸ் சட்டைக் கையை மடிக்கும்படி சைகை காட்டிக்கொண்டே உள்ளே போனாள்.