நடந்து மேய்ந்த ஆடு

என் நாத்தனார் கத்தியையும் மழுங்க விடமாட்டாள், வாயையும் மழுங்க விடமாட்டாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா என்பதால் எனக்கும் அக்காதான். கல்யாணமே வேண்டாமென்று பாதி வாழ்க்கையை ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்து கழித்தவள். குன்றுச் சரிவுக்கு ஓட்டிப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். "நடக்காத ஆட்டுல சதைதான் இருக்கும், கறி இருக்காது" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. அக்கா வெட்டுவாள், நான் தராசு பிடிப்பேன், வீட்டுக்காரர் மந்தையோடு சரிவில் நிற்பார். வாசலில் 'நடந்து மேய்ந்த ஆடு' என்று அவளே பெயிண்டில் எழுதிய பலகை. வருகிறவர்கள் முதலில் சரிவில் மந்தையைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் வரவேண்டும். அது அவள் போட்ட சட்டம். டவுன்காரர்களுக்கு அது பிடித்துப்போயிற்று; குழந்தை குட்டிகளோடு வந்து போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். கறி வேக நேரமாகிறது என்று மட்டும் முனகுவார்கள். அதிலும் பல் டாக்டர் ஒருத்தர், "உங்க கறி புண்ணியத்துல என் தொழில் நல்லா நடக்குதுக்கா" என்று வாராவாரம் சொல்வார். அக்காவும் சிரித்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை விடியலில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்துவிட்டன. மறுநாளைக்கென்று தனியாகக் கட்டியிருந்த கிடாக்கள் அத்தனையும் போச்சு. மற்றவை இன்னும் வளரவேண்டியவை.

"நாளைக்குக் கடை இல்லைன்னு சொல்லிருடா" என்றாள் அக்கா.

வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரம் இல்லையென்றால் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள் என்று அவருக்குப் பயம். யாரோ கொட்டிலில் அடைத்து, தீவனம் போட்டுக் கொழுக்கவைத்த கிடாக்களை வண்டியில் ஏற்றி வந்துவிட்டார். மறுநாள் உரித்துத் தொங்கவிட்டதும், அக்கா கை வைத்த இடமெல்லாம் கொழுப்பு வழுக்கியது.

"இதை என் பலகைக்குக் கீழ வெச்சு விக்கச் சொல்றியா?"

"ஒரே ஒரு வாரம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"தின்னுறவங்களுக்குத் தெரியாதாடா? இத்தனை வருஷம் என் கையால வாங்கித் தின்ன நாக்கு!"

அவர் கெஞ்சினார். அவள் வெட்டினாள். அன்று முழுக்க யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்டுபிடிக்கவேண்டும் என்றும் அவள் ஆசைப்பட்டாள். எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு தன் கிடாவில் கொஞ்சம் தேறியதாக ஒன்றைப் பார்த்து வெட்டித் தொங்கவிட்டிருந்தாள். முதல் ஆளாகப் பல் டாக்டர் வந்தார்.

"அக்கா, போன வாரக் கறி பஞ்சு மாதிரி! அதுலதான் அசல் மேய்ச்சல் ருசி இருந்துச்சு."

பின்னால் நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது மேயவே இல்லை டாக்டர். கொட்டில்ல அடைச்சு வளத்தது. என் ஆட்டை நாய் கடிச்சுப் போட்டுருச்சு. உங்களை ஏமாத்திட்டேன்."

நாலு வசவு விழும் என்று நான் தராசைப் பிடித்தபடி நின்றேன். விழுந்திருந்தால் தேவலை. பாவி மனுஷன் சிரித்தார்.

"அதனால என்னக்கா? இனிமே அதையே போடுங்க. பலகை அது பாட்டுக்கு இருக்கட்டும். மந்தையை மட்டும் வித்துடாதீங்க, பிள்ளைங்க ஆசையாப் பாக்குதுங்க."

பின்னால் நின்றவர்கள் அதற்கும் ஆமாம் போட்டார்கள். அன்று தொங்கியது மேய்ச்சல் கிடா என்றதும் டாக்டர் வெறுங்கையோடு திரும்பினார்; மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். மத்தியானம் வரை பாதி கிடா கொக்கியிலேயே தொங்கியது.

இப்போது வாராவாரம் கொட்டில் கிடாதான் வருகிறது. வெட்டுவது என் வீட்டுக்காரர். வியாபாரத்துக்குக் குறைவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் மந்தையோடு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி, சரிவில் நிற்கிறாள்.

போன வாரம் அவளுக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். ஒரு அம்மாள் தன் குழந்தைக்கு மந்தையைக் காட்டி, "நாம சாப்பிடுறது இந்த ஆடுங்களைத்தான், இல்லையாம்மா?" என்று அக்காவைக் கேட்டாள்.

நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.