அவன் ஏறிவிட்டான் என்று சொன்னேன்

என் மனைவியின் தம்பியைப் பெருகிவரும் வெள்ளத்தில் விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன் நான். மழையில் ஒன்றும் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய்! தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன்.

உங்களுக்கு என் முகம் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை… வருமா என்றும் தெரியவில்லை.

கோவையில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மனைவி மல்லிகா. மகள் யாழினி அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். மல்லிகாவின் ஒரே தம்பி கதிர்வேல், வெள்ளகோவிலில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்திவந்தான்.

கடலின் ஓசையைக் கேட்டபடி ஒரு நாளாவது தூங்கவேண்டும் என்பது மல்லிகாவின் நெடுநாள் ஆசை. அக்கா வாய்விட்டுக் கேட்டுவிட்டாள் என்று கதிர் ஒரு பழைய சரக்கு வேனை வாங்கி, பின்புறத்தில் ஓர் அறையே கட்டினான். கட்டில், காஸ் அடுப்பு, திரைபோட்ட ஜன்னல். நான் அதைக் கேரவன் என்பேன். அவன் ஒப்புக்கொள்ளமாட்டான்.

“இது ஓடற ஊடுங்க மாமா!” என்பான்.

ஓட்டுபவர் உட்காரும் கேபின் தனி. பின்னாலிருந்த அறை தனி. நடுவில் இரும்புத் தடுப்பு. பின்னால் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது கேபினில் இருப்பவருக்குத் தெரியாது. என் பொய் இத்தனை காலம் நின்றது அந்தத் தடுப்பின் தயவால்தான்.

நாங்கள் நால்வரும் தொண்டியிலிருந்து தெற்கே, கடலை ஒட்டிய சாலையில் போய்க்கொண்டிருந்தோம். காலையில் தூறல். பிறகு கண் கூசும் வெயில். மறுபடி கருமேகம். வானம் ஒரு நிலையில் இல்லை. வழியில் டீக்கடைக்காரர் எங்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “காத்து திரும்பிருச்சு. கரைப்பக்கம் எறங்காதீக.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் வெயில் அடித்தது. நான் சிரித்தேன். சிறுவாணித் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடித்து வளர்ந்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்! மழை என்றால் எங்கள் ஊரில் குளிர்ச்சி, அவ்வளவுதான். நான்தான் மண்பாதையில் வண்டியை இறக்கினேன். ஓர் உப்போடையின் மேல் கிடந்த தரைப்பாலத்தைத் தாண்டி, கரை ஓரமாய்க் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மல்லிகா அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். கதிர் யாழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்கு அருகே ஓடினான். அவன் ஓடியதை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

சாப்பிட்டு எழுவதற்குள் கடல் நிறம் மாறிவிட்டது. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மழை… அது மழையா? யாரோ பக்கவாட்டில் வாளி வாளியாய் வீசியது போல இருந்தது! மல்லிகாவும் குழந்தையும் என் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். வண்டியைத் திருப்பினேன். தரைப்பாலத்துக்குச் சற்று முன்னால் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது.

“நீங்க எறங்காதீங்க மாமா. நான் தள்றனுங்க!” என்று கதிர் பின்னாலிருந்து குதித்தான்.

ஓடை இரு பக்கமும் நிறைந்துகொண்டிருந்தது. கடல்தண்ணீர் ஒருபுறம், மழைத்தண்ணீர் மறுபுறம். பாலத்தின் ஓரக்கற்கள் ஒவ்வொன்றாய் மறைவதை முன்கண்ணாடி வழியே பார்த்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தேன்.

“போலாமுங்க மாமா… போலாம்!” அவன் குரல் காற்றில் பிய்ந்து வந்தது.

சக்கரம் வெடுக்கென்று விடுபட்டது. வண்டி முன்னே பாய்ந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கதிர் குப்புற விழுந்திருந்தான். எழுந்தான். அவன் நின்ற பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். ஒரு கையை உயர்த்தினான். நிற்கச் சொன்னானா? போகச் சொன்னானா? எனக்கு நானே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது ஒரு தந்திரம். நிற்கத்தான் சொன்னான்!

“ஏனுங்க, கதிரு ஏறிட்டானுங்களா?” மல்லிகா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏறிட்டான்,” என்றேன்.

நின்றால் சக்கரம் மறுபடி இறங்கியிருக்கும், குழந்தை இருந்தது, மனைவி இருந்தாள்… இப்படியெல்லாம் எனக்காக நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நொடியில் நான் குழந்தையை நினைக்கவில்லை. மனைவியையும் நினைக்கவில்லை. தண்ணீர் என் வாய்க்குள் புகுவதை நினைத்தேன். அவ்வளவுதான்.

பாலத்தைத் தாண்டி, தார்ச்சாலைக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். பின்கதவைத் திறந்தேன். காலியாக இருக்கும் என்று தெரிந்தே திறந்தேன். “ஐயோ, கதிரு!” என்று கத்தினேன். நடிப்பு இத்தனை எளிதா!

மல்லிகா இறங்கி வந்து பார்த்தாள். உள்ளே சோற்றுப் பாத்திரம் உருண்டு கிடந்தது.

“எம்பட தம்பி எங்கீங்க? ஏறிட்டான்னீங்களே!”

“கதவுச் சத்தம் கேட்டுது அம்மணி… ஏறிட்டான்னு நெனச்சுப்போட்டேன்.”

அவள் வந்த வழியே ஓடினாள். பாலம் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடிற்று. அவள் இறங்கப் போனபோது நான்தான் பிடித்து இழுத்தேன். அதற்காக இன்றும் என்னைப் புகழ்கிறார்கள்.

அவள் அலறல் கேட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீனவர்கள் ஓடிவந்து படகை இறக்கினார்கள். அந்தக் காற்றில், யாரென்றே தெரியாத ஒருவனுக்காக! பொழுது சாயும் நேரத்தில் கதிரைக் கொண்டுவந்தார்கள். ஒரு கருவேல மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். மிதந்து வந்த பனங்கட்டை மோதி முழங்கால் நொறுங்கியிருந்தது. முள் கிழித்த முகம். உதடு நீலம் பாரித்திருந்தது.

என்னைப் பார்த்தான். “பாப்பா நல்லாருக்குதுங்களா மாமா?” என்றான்.

அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து வெல்டிங் வைக்க முடியாதவன் பட்டறையை எப்படி நடத்துவான்? மூடிவிட்டான். நான் அவனைக் கோவைக்கு அழைத்துவந்து என் கடையிலேயே உட்காரவைத்தேன். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்!

தினமும் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் என் பயத்தைப் புரிந்துகொள்ளவேண்டும். கண்ணாடியில் நான் அவனைப் பார்த்தேன் என்றால், அதே கண்ணாடியில் அவனும் என் முகத்தைப் பார்த்திருப்பான் அல்லவா? வேறு யோசனையாய் அவன் என் பக்கம் திரும்பினாலும் நான் பில் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொள்கிறேன். “மாமா…” என்று தொடங்கி அவன் சற்று நிறுத்தினால் எண்ணிக்கொண்டிருந்த பணம் எனக்குக் கணக்குத் தப்பிவிடுகிறது. “மூணு எச்பி மோட்டாருக்கு பேரிங் வந்துருச்சுங்களா?” என்று முடிப்பான். கேட்டுவிடலாமா? கேட்டால், கேட்பதே ஒப்புதல் ஆகிவிடாதா?

சென்ற மாதம் மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டபத்தில் கதிருக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் சித்தப்பா எல்லார் முன்னிலையிலும் காலைப் பற்றி விசாரித்தார். மல்லிகா முந்திக்கொண்டாள்: “மழையில இவருக்கு ஒண்ணுமே தெரியலீங்க. அன்னைக்கிலிருந்து எம்பட தம்பிய இவருதானுங்க தாங்கறாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதிர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் பந்திக்குக் கலைந்தபின் அவன் என் அருகே வந்தான். “மாமா, அந்தப் பேச்சு இனி நமக்குள்ள வேண்டாமுங்க,” என்றான்.

எந்தப் பேச்சு? காலைப் பற்றியதா? அல்லது… அவன் கண்களைப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. “சரி கண்ணு,” என்றேன்.

சாப்பாட்டுக்கூடம் மாடியில். கைப்பிடி இல்லாத படிக்கட்டு. “தோளக் குடுங்க மாமா,” என்றான். கொடுத்தேன். முழு உடம்பையும் என்மேல் சாய்த்து, மடங்காத காலை இழுத்து இழுத்து ஏறினான். அவன் மூச்சு என் காதருகே கேட்டது. இந்தப் படியில் சொல்லப்போகிறான்… இல்லை, அடுத்த படியில்… மேலே போய்ச் சேரும்வரை படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன்.

மாடிக்கு வந்ததும் அவன் இலைக்கு முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டு, எனக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றினான்.